எத்தனை பர்சன்ட் என்று கேட்ட அன்பருக்கு

ஸ்கிரீன்ஷாட் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் இலங்கைப் புயல் நிவாரணம் பற்றிய என் வெள்ளிக்கிழமைப் பதிவின் கமெண்டுகளுக்குப் போய்ப் பாருங்கள். கேட்டவர் அதை இன்னும் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டார். இவ்வளவு லைக் குவிந்ததை யாராவது அழிப்பார்களா?

"மேடம், இதில் உங்களுக்கு எத்தனை பர்சன்ட்?"

பக்கத்தில் கண்ணில் நீர் வர சிரிக்கிற மஞ்சள் முகம் வேறு.

முதலில் ஒரு விஷயம். நான் வசூல் செய்யவே இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலில் இலங்கை பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அனுப்ப நினைப்பவர்கள் எங்கே அனுப்பலாம் என்று எழுதினேன். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம், சர்வோதயம், அந்த நாட்டு அரசு தொடங்கிய மீள்கட்டுமான நிதி. நீங்களே உங்கள் வங்கி வழியாக நேரடியாக அனுப்புங்கள், என்னிடம் தராதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். என் கணக்கு எண் இல்லை, க்யூஆர் கோடு இல்லை. அப்புறம் எதிலிருந்து சார் நான் பர்சன்ட் எடுப்பது? உங்கள் நல்ல மனசிலிருந்தா? அதில் எடுக்க என்ன இருக்கிறது?

கொடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை. உங்கள் சம்பளம், உங்கள் இஎம்ஐ, உங்கள் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். பெங்களூரில் வாடகையும் தண்ணீர் லாரியும் போக என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கப் போவதில்லை. ஆனால் கொடுக்காததற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் உங்களைப் புத்திசாலியாகவும் காட்ட வேண்டும், அதற்காகக் கொடுக்கச் சொன்னவள் திருடியாக வேண்டும் என்றால் எப்படி?

"எல்லா டிரஸ்டும் ஃபிராடு" என்று ஒருவர். எல்லாமா? சரி, ஃபிராடு இல்லாவிட்டாலும் சொதப்பல் உண்டு, நான் மறுக்கவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான், ரசீதைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் நம்புவதில்லை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் திரட்டியது. 2015இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் என்பிஆர் வானொலியும் சேர்ந்து தோண்டிப் பார்த்தபோது, அவர்கள் கட்டியிருந்த நிரந்தர வீடுகள் ஆறு. ஆறாயிரம் இல்லை, ஆறு. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். அதனால்தான் புயலுக்கு முன்பே அந்த ஊரில் இருந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சர்வோதயம் 1958 முதல் இலங்கைக் கிராமங்களில் இருக்கிறது. இலங்கைச் செஞ்சிலுவைக்கு மாவட்டந்தோறும் கிளை இருக்கிறது. மண் சரிந்த மறுநாள் விமானம் ஏறி வந்து பேனர் கட்டியவர்கள் இல்லை.

"நிர்வாகச் செலவு எவ்வளவு எடுப்பார்கள்?" எடுப்பார்கள். இலங்கையின் பதுளை மலைச் சாலையில் அரிசி மூட்டை தானாக நடந்து போகாது. லாரிக்கு டீசல், டிரைவருக்குச் சாப்பாடு, இறக்கி எண்ணிப் பதிந்துகொள்ள ஒரு ஆள். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் நிர்வாகச் செலவு கிடையாதா? உங்கள் சம்பளமே அதுதானே?

இன்னொருவர் நாகரிகமாக "80ஜி கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்காது. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் வரிச் சலுகை இல்லை. இங்குள்ள அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்க வேண்டுமென்றால், அதன் வரிவிலக்கு போகாமலிருக்க நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் நேரடியாக அனுப்பச் சொன்னேன். ரிசர்வ் வங்கி தனிமனிதருக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப விட்டிருக்கிறது, நன்கொடையும் அதில் சேரும். நம்மில் யாரும் அந்த உச்சவரம்பைத் தொடப் போவதில்லை, கவலை வேண்டாம். சலுகை இல்லை என்று சொன்னதும் அந்தத் திரியே அமைதியாகிவிட்டது. வரி விலக்கு கிடைத்தால்தான் சுரக்கிற இரக்கம் போலிருக்கிறது.

அப்புறம் அந்தத் துணி மூட்டை.

பணம் கொடுக்க நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் துணி கொடுப்பதில் மட்டும் எப்படியோ நம்பிக்கை வந்துவிடுகிறது. அபார்ட்மெண்டில் யாரோ என் வாசலில் ஒரு கருப்புப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரித்தேன். துப்பட்டா இல்லாத சுடிதார், ஜிப் போன ஜீன்ஸ், ஏதோ கான்வென்ட்டின் நீலக் கழுத்து டை, ஒரு காலுக்கு மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ, காவி ஏறிய தலையணை உறை. குப்பை வண்டிக்காரர் வாங்கமாட்டார் என்பதால் பதுளைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்ததே, நினைவில்லையா? எல்லாம் இழந்தவர்கள் அதைத் தொடவில்லை. "கொடுத்ததை வாங்க மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவு திமிர்" என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்க்கவில்லை.

பணமாக அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஒரு ரூபாய் அங்கே மூன்று ரூபாய்க்கு மேல். அந்த ஊர்க் கடையிலேயே அரிசி வாங்கினால் தண்ணீரில் மூழ்கி எழுந்த கடைக்காரருக்கும் நாலு காசு போகும். இங்கிருந்து கப்பலில் ஏற்றிச் சுங்கத்தில் கிடந்து போய்ச் சேர்வதற்குள் அவர்களுக்குப் பசி மரத்துவிடும். அந்த அளவுக்குச் சரக்கு அனுப்புவது அரசாங்கம் செய்கிற வேலை, செய்தும் இருக்கிறார்கள். நம் கடற்படையின் விக்ராந்த் கப்பலே கொழும்பில் நிவாரணம் இறக்கியது. மகியங்கனையில் நம் ராணுவம் கள மருத்துவமனை போட்டது. 2022இல் அங்கே பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலத்தில் தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசி அனுப்ப ஏற்பாடு செய்தது. "அதான் கவர்ன்மெண்ட் செய்கிறதே" என்றால், பாலத்தைக் கவர்ன்மெண்ட் போடும். மண்ணோடு போன குக்கரையும் ஸ்கூல் பையையும் யார் வாங்கித் தருவது?

"நம்ம ஊரில் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" இது வராமல் இருக்குமா? இருக்கிறார்கள். இதே புயலின் மிச்சம்தான் டெல்டாவில் சம்பாவை மூழ்கடித்தது. கொடுங்கள். கொடுத்துவிட்டு ரசீதோடு வாருங்கள், பேசுவோம். நான் பார்த்தவரை இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நம்ம ஊருக்கும் கொடுப்பதில்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள்.

மீனவர் பிரச்சினையைச் சொன்னவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ராமேஸ்வரத்துப் படகுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தக் கடற்படை செய்வது எனக்கும் வலிக்கிறது. நம் இழுவைமடி வலையால் வயிற்றில் அடிபடுவது யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்தான் என்பதும் தெரியும், அதைச் சொன்னால் இன்னும் நாலு பேர் என்னை அன்ஃபிரண்ட் செய்வார்கள், போகட்டும். 2009 இறுதிப் போரை எழுதியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? எனக்கு மட்டும் மறந்துவிட்டதா? ஆனால் கண்டியிலும் கேகாலையிலும் ராத்திரி தூக்கத்தில் மண் மூடிய குழந்தைக்கு 2009இல் பிறப்பே இல்லை. அது சிங்களக் குழந்தையாகவே இருக்கட்டும். என் காசில் ஒரு பால்மாப் பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்தால் என் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, தமிழர்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்றால் அதற்காவது வாருங்கள். நவம்பர் 28ஆம் தேதி புயல் கரையேறி, 600க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மண் சரிந்த இடங்களின் பட்டியலைப் பாருங்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை. தேயிலை மலை. அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் யார்? நம் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காபிக்கும் தேயிலைக்கும் கூட்டிப்போன சனங்களின் பேரப்பிள்ளைகள். அவன் கட்டிய அதே வரிசை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு என்கிற திண்ணை, மேலே தகரம். மேட்டு நிலத்தில் தேயிலை, சரிவில் மனிதர்கள். வீடு அவர்களுடையது இல்லை, நிலமும் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். வீடு இடிந்தவர்க்கு அரசு பணம் தரும்போது இவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? 2024இல் உயர்த்திக் கொடுத்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபாய், நம் காசுக்கு நானூறுக்கும் குறைவு. கோரமங்கலாவில் ஒரு பர்கரும் கோல்டு காபியும் அதற்கு வராது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. என் அம்மாயி பதுளைத் தோட்டத்துக்காரி. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து, 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து உனக்கு 5,25,000 பேர், எனக்கு 3,00,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்களே, அதில் இந்தியப் பக்கம் விழுந்த தலைகளில் அவளுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக் குளிருக்கு வந்து சேர்ந்தாள். முகாமில் ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் கம்பளி கொடுத்திருக்கிறது. சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, முழுக்க முழுக்க முள்ளாகக் குத்தும், மழை நாளில் ஆட்டு வாடை அடிக்கும். அந்தக் கம்பளியில்தான் நாங்கள் எல்லாரும் தூங்கினோம். அதைக் கொடுத்தவருக்கு எத்தனை பர்சன்ட் கிடைத்தது என்று அவள் கேட்டதில்லை. அவளிடம்தான் கேட்டார்கள். ஒரு கம்பளிக்கு மூன்று இடத்தில் கைநாட்டு வாங்கினார்களாம். "அந்தப் பயலுக ரேகை தேயத் தேய வாங்குனானுக" என்று சிரிப்பாள்.

கோத்தகிரியில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அங்கே இருந்தபோது இந்தியாக்காரங்க. இங்கே பெங்களூருக்கு வந்தால் தமிழர்கள், அதுவும் காவிரிப் பிரச்சினை பேப்பரில் வந்தால் கொஞ்சம் சத்தம் குறைவாகத் தமிழர்கள். 1991 காவிரிக் கலவரத்தில் இந்த ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்களைப் போலத் திரும்பி வந்தவர்கள் இதே கர்நாடகத்தில் சுள்ளியாவிலும் புத்தூரிலும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டு இருக்கிறார்கள், இங்கே அல்சூர் தமிழர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆகவே "நம்மவர்களுக்குக் கொடுங்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உள்ளே ஏதோ சுருங்குகிறது. அந்த நம்மவர் பட்டியலில் நான் எந்த வருஷம் சேர்ந்தேன், எந்த வருஷம் பெயரை அடிப்பீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓவராகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஒரு கமெண்டுக்கு இவ்வளவா என்பீர்கள். கமெண்ட் போட்டவர் யாரோ, எனக்கு முகம்கூடத் தெரியாது. அவரை விட்டுவிடலாம். அந்த லைக்குகளைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அதில் என் சித்தப்பா பையன் இருக்கிறான். எங்களோடு அதே கம்பளிக்குள் கால் இடித்துக்கொண்டு படுத்தவன். இப்போது கோயம்புத்தூரில் வீடு கட்டிவிட்டான், நல்ல விஷயம். பதுளையில் நாம் போய்ப் பார்த்திராத சொந்தங்கள் இருக்கிறார்கள் தம்பி, அம்மாயியின் தங்கை வழியில். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நான் அந்த நாலு நாள் எத்தனை பேருக்கு போன் போட்டேன் என்று நீ ஒரு தடவை கேட்கவில்லை. லைக் போட நேரம் இருந்திருக்கிறது. கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லப் போகிறாய். சொல், நம்புகிறேன். பொங்கலுக்குக் கோத்தகிரி வருவேன், அங்கே வைத்துச் சொல்.

கொடுக்காமல் இருப்பது உரிமை என்று மேலே எழுதியதை நான் மாற்றவில்லை. கொடுக்காதவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. சும்மா இருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். தானும் படுக்காமல் தள்ளியும் படுக்காமல் எதற்கு? கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேர் அந்தக் கமெண்டைப் பார்த்துப் பின்வாங்கினார்கள், எனக்கே மெசேஜில் சொன்னார்கள். அந்தப் பணம் போய்ச் சேராமல் போனதற்கு எந்த டிரஸ்டின் ஊழல் காரணம்?

இனி இந்தப் பதிவின் கீழ் அரசியல் பேசுபவர்களுக்குப் பதில் சொல்லமாட்டேன். அனுப்ப விரும்புகிறவர்கள் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் கேளுங்கள், காரணம் என்ற இடத்தில் நன்கொடை என்று குறிக்க வேண்டும். எழுதுவதற்கு முன், பெறுகிற அமைப்பின் கணக்கு எண்ணையும் ஸ்விஃப்ட் கோடு என்கிற வங்கிக் குறியீட்டையும் அவர்களுடைய சொந்த இணையதளத்தில் சரிபாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள், நான் அனுப்பியதாக இருந்தாலும். படிவம் புரியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஆபீசில் காலாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பதில் வரும்.