149 கையெழுத்தும் நள்ளிரவுக் கலைப்பும்

நேபாளத்தில் 2021-இல் உச்ச நீதிமன்றமே ஷேர் பகதூர் தேவுபாவைப் பிரதமராக்கியது, அது வரம்பு மீறல் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவை உட்பிரிவு வாரியாகப் படித்துவிட்டுப் பேசலாம்.

நாடாளுமன்றக் கீழவையில் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் அதன் தலைவர் பிரதமர். இல்லாவிட்டால், இரண்டாவது உட்பிரிவின்படி, பல கட்சிகளின் ஆதரவு உள்ள உறுப்பினர். அதுவும் அமையாவிட்டால் மூன்றாவதின்படி பெரிய கட்சியின் தலைவர். அவர் 30 நாளுக்குள் நம்பிக்கை வாக்கு பெற வேண்டும். அவராலும் முடியாதபோதுதான் ஐந்தாவது உட்பிரிவு: அவையின் நம்பிக்கையைப் பெற முடியும் என்று ஆதாரம் காட்டும் உறுப்பினர் பிரதமராகலாம். இத்தனையும் பொய்த்தால் மட்டுமே ஏழாவதின்படி அவையைக் கலைக்கலாம்.

அப்போதைய பிரதமர் கே.பி. சர்மா ஒலி முதல்முறை 2020 டிசம்பர் 20-இல் அவையைக் கலைத்தார். 2021 பிப்ரவரி 23-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே 10-இல் அவர் நம்பிக்கை வாக்கில் தோற்றார்: ஆதரவு 93, எதிர்ப்பு 124. மூன்று நாள் கழித்து, பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் அவரே மீண்டும் பிரதமர். மறுபடி வாக்கெடுப்புக்குப் போகாமல், மே 20-இல் ஐந்தாவது உட்பிரிவுக்குப் போகலாம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார். மறுநாளே தனக்கு 153 பேர் ஆதரவு என்று உரிமை கோரினார்! எதிர்க்கட்சியான நேபாளி காங்கிரஸின் தலைவர் தேவுபா 149 உறுப்பினர்களின் கையெழுத்தோடு போனார். இரண்டையும் கூட்டினால் 302. சபையின் மொத்த இடங்களே 275. ஒலி தன் கம்யூனிஸ்ட் கட்சி (யு.எம்.எல்.), ஜனதா சமாஜ்வாதி கட்சி ஆகிய இரண்டின் மொத்த உறுப்பினர்களையும் தன் கணக்கில் காட்டினார். அந்தக் கட்சிகளுக்குள்ளேயே மாதவ் குமார் நேபாள் அணியும் உபேந்திர யாதவ் அணியும் தேவுபா பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தன.

இந்தச் சிக்கலுக்கு விடை சபையில் வாக்கெடுப்பு. குடியரசுத் தலைவர் வித்யா தேவி பண்டாரி இரு கோரிக்கைகளையும் நிராகரித்தார். நள்ளிரவு தாண்டி அவை கலைக்கப்பட்டது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்ட முதியவர்கள் இரண்டாம் தவணைக்குக் காத்துக் கிடந்தார்கள். அவையே இல்லாததால் அந்த ஆண்டின் பட்ஜெட்கூட அவசரச் சட்டமாகத்தான் வந்தது.

ஐந்தாவது உட்பிரிவிலும் கட்சியின் ஆதரவு வேண்டும், கொறடா உத்தரவு செல்லும் என்பது உச்ச நீதிமன்றத்தில் ஒலி தரப்பு வாதம். அப்படியானால் அது இரண்டாவதின் மறுபதிப்புதானே? தனியாக எழுத என்ன தேவை? ஜூலை 12-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கலைப்பை ரத்து செய்து, 28 மணி நேரத்துக்குள் தேவுபாவை நியமிக்கச் சொன்னது. நியமனக் கடிதத்தில் 76(5) என்ற குறிப்பு விடுபட்டிருந்தது. அது சேர்க்கப்படும் வரை தேவுபா பதவியேற்கவில்லை. பிடிவாதம் இல்லை அது. எந்த உட்பிரிவின்படி வந்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜூலை 18-இல் சபை 165 வாக்குகள் கொடுத்தது. நீதிமன்றம் திறந்தது வாசலை மட்டும். பிரதமரை உறுதி செய்தது சபை.

ஆனால் அதே தேவுபா அரசு ஆகஸ்டில் என்ன செய்தது? கூட்டத்தொடரை முடித்த கையோடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்சியை உடைக்க மத்தியக் குழுவிலும் நாடாளுமன்றக் கட்சியிலும் 40 சதவீதம் வேண்டும் என்ற விதி, இரண்டில் ஏதாவது ஒன்றில் 20 சதவீதம் போதும் என்று மாறியது. ஜூலைத் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் இதற்கு வாய் திறக்காதது பெரிய தவறு. செப்டம்பர் இறுதியில் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இரண்டு கட்சிகள் உடைந்து முடிந்திருந்தன.