எந்த வயசுல பிள்ளைங்க கையில துப்பாக்கி குடுக்கலாம்? எங்க வீட்டுல நடந்தத வச்சு சொல்றேன்

போன வாரம் எம் பொண்ணு ஆரஞ்சு வெஸ்ட் போட்டுக்கிட்டு தோள்ல ரைபிளோட நிக்கிற போட்டோவப் போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி. ஊர்ல இருந்து பெரியம்மா போன் போட்டு "பன்னெண்டு வயசுப் பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியக் குடுத்து காட்டுக்கு அனுப்பியிருக்கியே, உனக்கு என்னடி ஆச்சு"ன்னு சத்தம் போட்டாங்க. இங்க இருக்குற ஃப்ரெண்ட்ஸ்ல ரெண்டு பேரு அப்படியே உல்டாவா "எங்க பையனுக்கு ஏழு வயசு, அவனையும் சேத்து விடலாமா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

நாங்க அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கோம், 14 வருசமாச்சு. இங்க நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்துன சனிக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கும், மொத்தம் 9 நாளு. மாநிலம் முழுக்க 5 லட்சம் பேருக்கு மேல காட்டுக்குப் போறாங்க, பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, சர்ச்சுன்னு எங்க பாத்தாலும் ஆரஞ்சு சட்டைதான். நம்ம நாட்டுல 1972-லயே சட்டம் போட்டு வேட்டைய நிறுத்திட்டாங்க, அதனால மான் வேட்டைன்னதும் நமக்கு கேஸு, ஜெயிலு, இதுதான் ஞாபகம் வரும், பெரியம்மா பயந்ததும் அதனாலதான். இங்க அது லைசென்ஸ் வாங்கி, அடிச்ச மானை மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள அரசாங்கத்துல பதிவு பண்ணி, கறிய வருசம் பூரா ஃப்ரீசர்ல வச்சு சாப்பிடுற விசயம். தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை சேந்து போற வீடுங்க எங்க தெருவுலயே நாலு இருக்கு.

இந்த ஊர்லதான் எம் பிள்ளைங்க ரெண்டும் வளருது. பொண்ணுக்கு 12, பையனுக்கு 9. ரெண்டு வருசமா "நாங்க எப்பம்மா போறது"ன்னு ஒரே நச்சரிப்பு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பேங்க் வாசல்ல வாட்ச்மேன் கையில பாத்ததோட சரி. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 70 தாண்டியாச்சு, ரொம்ப வருசமா வேட்டைப் பாதுகாப்பு கிளாஸ் எடுக்குறவரு, சம்பளம் வாங்காம. (இங்க அந்தக் கிளாஸ் எடுக்குறவங்க பெரும்பாலும் அப்படித்தான், அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு.) அவருகிட்டப் போய்க் கேட்டோம். "முதல்ல நீங்க வந்து உக்காருங்க, பிள்ளைங்கள அப்புறம் பாப்போம்"னாரு. இங்க 1973-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க வேட்டை லைசென்ஸ் வாங்கணும்னா அந்தக் கிளாஸ் முடிச்சிருக்கணும், எனக்கும் சேத்துத்தான். 41 வயசுல பொடிப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காந்து நானும் பரிச்சை எழுதுனேன்.

அங்க மந்திரம் மாதிரி நாலு விசயம் சொல்லிக் குடுப்பாங்க. எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் உள்ள தோட்டா இருக்குன்னு நினைச்சே தொடணும், முனை எப்பவும் பத்திரமான பக்கம் பாத்து இருக்கணும், எதச் சுடுறோம் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கிறது ரெண்டும் நிச்சயமாத் தெரியணும், சுடப்போற அந்த நேரம் வரைக்கும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியதான் இருக்கணும். எம் பையனுக்கு இது நாலும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும், திருக்குறள் மாதிரி ஒப்பிப்பான்.

இப்ப ஜூன் மாசம் நடந்ததச் சொல்றேன், இதுக்காகத்தான் இந்தப் பதிவே.

ஒரு ஞாயித்துக்கிழமை தாத்தாவோட தோட்டத்துல, பெரிய மண்மேட்டுக்கு முன்னாடி பேப்பர் தட்டு மாட்டி வச்சு, ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஏர் ரைபிள் குடுத்தாரு. பொண்ணு அஞ்சு தடவை சுட்டா, ரெண்டுதான் தட்டுல பட்டுச்சு, அதுவும் ஓரமா. அடுத்து பையன். அஞ்சுல நாலு நடுவுல, உள்ளங்கை வச்சு மூடிடலாம், அவ்ளோ பக்கம் பக்கமா. நான் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன், சந்தோசம் தாங்கல, "ஏய் சூப்பர்டா தங்கம்"னு கத்திட்டேன். அவன் "அம்மா பாத்தியா"ன்னு சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனான். நான் அவன் முகத்தத்தான் பாத்தேன், அந்தச் சிரிப்பத்தான் பாத்தேன். தாத்தா ஒரே எட்டுல வந்து ரைபிள் குழாயப் பிடிச்சு வானத்தப் பாக்க தூக்குனாரு, அவன் கையில இருந்து வாங்கி, திறந்து பாத்து, பெஞ்சுல வச்சாரு. திட்டல, சத்தமும் போடல. "இன்னைக்கு போதும்"னாரு, அவ்ளோதான்.

எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு, உண்மையச் சொல்லணும்ல. நல்லாச் சுட்ட புள்ளகிட்ட இருந்து புடுங்கிட்டாரேன்னு. அவரு என்கிட்ட வந்து, "அந்த வீடியோவப் போட்டுப் பாருங்க"ன்னாரு. போட்டேன். அவன் முகம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்க்ரீனுக்குள்ள அந்தக் குழாய் வருது. நடுவுல வந்து நிக்குது. கறுப்பா, வட்டமா ஒரு ஓட்டை, நேரா என்னைப் பாக்குது. விரல் ட்ரிகர்ல இருக்கு. பின்னாடி என் குரல், "சூப்பர்டா தங்கம்".

ஏர் ரைபிள்தானே, அதுலயும் சுட்டு முடிச்சாச்சேன்னு நான் இழுத்தேன். "கையில இருக்குறது எதுங்கிறது எனக்கு முக்கியமில்ல, சந்தோசத்துல அவன் என்ன செய்வான்னுதான் நான் பாக்குறேன்"னாரு. அப்புறம் "உங்க பொண்ணை ஒருதடவை கூப்பிட்டீங்களே, அத கவனிச்சீங்களா"ன்னு கேட்டாரு. நான் எங்க கவனிச்சேன். அவளோட வீடியோவையும் ஓட்டிப் பாத்தேன். நான் கூப்பிட்டதும் அவ திரும்பவே இல்ல. சேஃப்டியப் போட்டா (ட்ரிகரைப் பூட்டுற பட்டன்), ரைபிளை பெஞ்சுல வச்சா, கைய எடுத்தா, அப்புறம்தான் "என்னம்மா"ன்னு திரும்புனா. குறி தப்புனதால நான் அவள பெருசா பாராட்டக்கூட இல்ல, இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு.

அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது இதுதான். வயசு என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி, பிள்ளை தயாரா இல்லையான்னு பாத்துச் சொல்லப்போறது யாருன்னு கேக்கணும். பெத்தவங்க மட்டும் சொல்லக் கூடாது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தட்டுல விழுந்த ஓட்டைதான் தெரியும், புள்ள சிரிப்புதான் தெரியும்.

ஆனா இந்த மாநிலத்துல சட்டம் அப்படியே மாத்தி இருக்கு. முன்னாடி பெரியவங்க கூட இருந்து பழக்குற வேட்டைக்கே 10 வயசு ஆகணும், பெரியவருக்கும் பிள்ளைக்கும் சேத்து ஒரே ஒரு துப்பாக்கிதான். 2017 நவம்பர்ல அந்த வயசு வரம்ப மொத்தமா எடுத்துட்டாங்க, ஒரு துப்பாக்கிங்கிற விதியையும் எடுத்துட்டாங்க. பெரியவரு கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், அது மட்டும் மிச்சம். அதுக்கு ஆதரவாப் பேசுனவங்க சொன்ன காரணம், பிள்ளை தயாரான்னு அரசாங்கத்த விட பெத்தவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்ங்கிறது. நியூயார்க்ல துப்பாக்கியோட மான் வேட்டைக்கு ரொம்ப காலமா 14 வயசு இருந்துச்சு, 2021-ல அத 12-ன்னு குறைச்சாங்க, அதுவும் ஒத்துக்கிட்ட கவுண்டிகள்ல (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) மட்டும். ஒரே நாடுதான், ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் வரம்பே இல்ல. வரம்பே வேணாம்ங்கிறது தப்புன்னு நான் அழுத்தமாச் சொல்வேன். பழைய 10 வயசாவது இருந்திருக்கணும், அப்பா அம்மாவுக்கு "சட்டம் விடல கண்ணு"ன்னு சொல்றதுக்கு ஒரு பிடி இருக்கும்ல.

"எம் புள்ளய எனக்குத் தெரியாதா"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு ஆராய்ச்சியச் சொல்றேன். 2001-ல வெளிவந்தது, அட்லாண்டாவுல பண்ணுனது. 8-ல இருந்து 12 வயசுக்குள்ள இருக்குற பசங்க 64 பேர சின்னச் சின்னக் குழுவா ஒரு ரூம்ல விட்டு, டிராயருக்குள்ள நிஜக் கைத்துப்பாக்கிய, தோட்டா இல்லாம, வச்சிட்டு, கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து பாத்தாங்க. 48 பேரு கண்டுபிடிச்சாங்க, 30 பேரு கையில எடுத்தாங்க, 16 பேரு ட்ரிகரை அழுத்துனாங்க. எடுத்த பசங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல ஏற்கெனவே துப்பாக்கி பாதுகாப்பு பத்தி யாரோ சொல்லிக் குடுத்த பசங்க. இதவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, பெத்தவங்ககிட்ட "உங்க பையனுக்குத் துப்பாக்கில எவ்ளோ ஆர்வம்"னு முன்கூட்டியே கேட்டு வச்சிருந்தாங்க, "அவனுக்கு அதுல ஆர்வமே இல்ல"ன்னு சொன்ன வீட்டுப் பசங்களும் மத்தவங்க அளவுக்கு எடுத்திருக்காங்க. நம்ம கணிப்பு அவ்ளோதான்.

2008-ல மாசசூசெட்ஸ்ல ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில 8 வயசுப் பையன் கையில மிஷின் கன் குடுத்தாங்க, உதைப்புல அது அவன் பக்கமே திரும்பி அவன் செத்தே போனான். 2014-ல அரிசோனாவுல ஒரு ஷூட்டிங் ரேஞ்ச்ல 9 வயசுப் பொண்ணு, அதே வகைத் துப்பாக்கி, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்த ஆள் இறந்துட்டாரு. ரெண்டு இடத்துலயும் பெத்தவங்க பக்கத்துலயே நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. முன்னாடி இந்தச் செய்தியப் படிக்கும்போது "என்ன பெத்தவங்களோ"ன்னு நினைச்சிருக்கேன். ஜூனுக்கு அப்புறம் அப்படி நினைக்க முடியல.

அப்ப எதுக்கு இந்த வம்பு, பேசாம புள்ளைங்கள இதுல விடாம இருக்க வேண்டியதுதானேன்னு பெரியம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான், வேணாம்னு முடிவு பண்ற வீட்ட நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ல நம்ம எப்படி வளந்தோம்னு யோசிங்க. எங்க அண்ணனும் நானும் கம்மாக்கரையில கவட்டையத் தூக்கிக்கிட்டு ஓணான் அடிச்சிருக்கோம். ராமர் தண்ணி கேட்டப்ப அணில் இளநி குடுத்துச்சாம், ஓணான் மூத்திரத்தக் குடுத்துச்சாம், அதனால ஓணான அடிக்கலாம், அவ்ளோதான் நமக்குச் சொல்லிக் குடுத்தது. அடிச்சுட்டு அது துடிக்கிறதப் பாத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருவோம். ஒரு பெரிய மனுசரும் "ஏம்மா அடிக்கிற, அத என்ன செய்யப் போற"ன்னு கேட்டதில்ல. ஒரு உசுர எடுக்குறதுன்னா என்னன்னு எனக்கு யாருமே சொல்லித் தரல, எம் பொண்ணுக்கு ஒருத்தர் சொல்லித் தந்திருக்காரு.

போன வருசம் அவளுக்குத் துப்பாக்கியே கிடையாது, சும்மா கூட மட்டும் போனா. தாத்தா அடிச்ச மானோட வயித்தக் கிழிச்சு குடல எடுக்குறப்ப டார்ச் பிடிச்சது அவதான். குளிர்ல அந்த வயித்துல இருந்து ஆவி பறந்துச்சாம். தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டுத் தொட்டிருக்கா. வீட்டுக்கு வந்து "இன்னும் சூடா இருந்துச்சும்மா"ன்னா, அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. சரி இதோட விட்டுருவான்னு நினைச்சேன். மறுநாள் காலையில எந்திரிச்சு, கறிய வெட்டி பொட்டலம் கட்டுறாங்களே, அதுக்கு நானும் போறேன்னு கிளம்பிட்டா.

தாத்தா என்கிட்ட ரெண்டு பிள்ளைங்களப் பத்தியும் கேட்ட கேள்வி எதுவுமே துப்பாக்கியப் பத்தி இல்ல. விளையாட்டு நடுவுல நிறுத்துன்னா உடனே நிறுத்துறாங்களா, எதாவது உடைச்சா தானா வந்து சொல்றாங்களா, தோத்தா என்ன பண்றாங்க, யாரும் பாக்காதப்பவும் ஹெல்மெட் போடுறாங்களா. எங்க வீட்டுப் பய கேரம்ல தோத்தா காயெல்லாம் கலைச்சு விட்டுட்டு எந்திரிச்சுப் போறவன். ரொம்பப் பாசமான புள்ள, பொய் சொல்ல மாட்டான், ஆனா உணர்ச்சி வந்துட்டா கை அவன் பேச்சக் கேக்காது. 9 வயசுல அது குத்தமில்ல. ஆனா அந்தக் கையில துப்பாக்கி இருக்கக் கூடாது.

பொண்ணு கிளாஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டா. 14 வயசு வரைக்கும் தனியாப் போக முடியாது, பெரியவங்க கூட இருக்கணும். இந்த நவம்பர்ல தாத்தாவோட நாலு நாளு போனா. கமெண்ட்ல "மான் எங்க"ன்னு கேட்டவங்களுக்கு, மான் கிடைக்கல. மூணாவது நாள் காலையில ஒண்ணு வந்துச்சு, நல்ல கொம்பு வச்சது, கிட்டத்துலயே நின்னுச்சு. அவ ரைபிளைத் தூக்கி ஸ்கோப்ல பாத்துட்டு கீழ இறக்கிட்டா. தாத்தா ஒண்ணும் பேசலியாம். வீட்டுக்கு வந்ததும் ஏன்டி விட்டன்னு கேட்டேன். அது மேட்டு உச்சியில நின்னுச்சாம். "பின்னாடி வானம்தாம்மா இருந்துச்சு"ன்னா. குறி தப்புனா அந்தக் குண்டு எங்க போய் இறங்கும்னு தெரியாது, அதான் விட்டிருக்கா. வேட்டை ரைபிள் குண்டு மைல் கணக்குல போகும், அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீடு வேற இருக்கு.

வேட்டைக்கு அனுப்புனாலும் அனுப்பலன்னாலும் இங்க இருக்குற தமிழ்க் குடும்பங்கள்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். "எங்க வீட்டுலதான் துப்பாக்கியே இல்லையே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க, உங்க புள்ள போய் விளையாடுற வீட்டுல இருக்கலாம். இந்த நாட்டுல 2020-ல இருந்து 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் இருக்குற பிள்ளைங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான். அலர்ஜி இருக்கா, நாய் இருக்கான்னு கேக்குறோம்ல, அதோட சேத்து "துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா, தோட்டா தனியா இருக்கா"ன்னும் கேளுங்க. நான் கேக்க ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு, வேட்டைக்குப் போற வீடுங்க யாருமே தப்பா எடுத்துக்கல, கூட்டிட்டுப் போய் பெட்டியத் திறந்தே காட்டுறாங்க. கிளாஸ்ல சேரணும்னு நினைக்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க, முதல் நாளு நானும் கூட வர்றேன். ஏழு வயசுப் பையனப் பத்திக் கேட்ட ஃப்ரெண்டுக்கு என் பதில், இப்ப வேணாம்டா. நீ முதல்ல போய் அந்த பெஞ்சுல உக்காரு.

எம் பையன் என்கிட்ட இன்னும் சரியாப் பேசல. "நான்தான் அவள விட நல்லா சுடுறேன்"னு ராத்திரி படுக்கையில அழுறான், அது உண்மையும்கூட, அதனாலதான் எனக்கும் வலிக்குது. தாத்தா அவனுக்கு மரத்துலயே ஒரு துப்பாக்கி செதுக்கிக் குடுத்திருக்காரு. தோட்டத்துல நடக்கும்போது, வேலி தாண்டும்போது, எங்களோட பேசும்போது நிஜத்துப்பாக்கி மாதிரியே பிடிச்சிருக்கணும், முனை ஒரு ஆளு பக்கம் திரும்புனா ஒரு கோடு போடணும், பாத்தவங்க யாரு வேணா போடலாம், அவனே போட்டாலும் சரி. அந்தப் பேப்பர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. ஒரு மாசம் ஒரு கோடும் விழலன்னா அப்புறம் பேசலாம்னு சொல்லியிருக்காரு. முதல் வாரம் 23 கோடு. போன வாரம் 4, அதுல ரெண்டு அவனே போட்டது.