பையனை ஃபயர் அண்ட் சேஃப்டி படிக்க வைக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் போனுக்கு ஓய்வே கிடையாது. "தம்பி, நீ சேஃப்டியிலதானே இருக்கே? நம்ம பையனை ஃபயர் அண்ட் சேஃப்டியில, அதான் அந்தத் தீத்தடுப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்புல சேர்த்துடலாமா? ஆறே மாசத்துல துபாய்க்கு அனுப்பிடுறோம்னு சொல்றாங்க." பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு பையன் சிரிப்பானே, அந்த போஸ்டர் செய்கிற வேலை இது. ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறேன், ஒவ்வொருவரும் ஒரே மாதிரி முகம் சுளிக்கிறார்கள். எழுதியே வைத்துவிட்டால் அடுத்த வருடம் அனுப்பிவிடலாம்.

என் பதில்: இப்போது வேண்டாம். பையன் முதலில் ஏதாவது ஒரு தொழிலைக் கையால் செய்யட்டும். ஐடிஐயில் ஃபிட்டரோ வெல்டரோ படிக்கட்டும், டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கட்டும், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு தொழிற்சாலையில் நாலைந்து வருடம் எண்ணெய்க் கறையோடு நிற்கட்டும். சேஃப்டி படிப்பு அதற்கப்புறம்.

இது என் வீம்பு இல்லை. சட்டம் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020-இல் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியது; அபாயகரமான தொழில் என்றால் 250 பேர் இருந்தாலே வேண்டும். ஆக, வேலை கூடத்தான் போகிறது. ஆனால் அந்த நாற்காலிக்கு மாநில விதிகள் பொதுவாக என்ன கேட்கின்றன? இன்ஜினியரிங் பட்டம் என்றால் இரண்டு வருடம், டிப்ளமோ என்றால் ஐந்து வருடம் தொழிற்சாலையில் மேற்பார்வை அனுபவம். அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. சென்னையில் அதற்குப் பெயர்பெற்ற இடம் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம், மத்திய அரசுடையது. இன்ஜினியரிங் முடித்தவர்கள் திருச்சி என்ஐடியில் எம்.டெக். கூடப் படிக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்வது நெபோஷ். இங்கிலாந்தின் தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ். மோசமான படிப்பு என்று சொல்ல மாட்டேன், நானும் எழுதினேன், வளைகுடாவில் அதற்கு மதிப்பு உண்டு. கொரோனா காலத்தில், 2020-இல், வீட்டிலிருந்தே, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று தேர்வை மாற்றினார்கள். அதிலிருந்து யார் யாருக்காக எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற கதைகள் நிறைய காதில் விழுகின்றன, அது வேறு பதிவு. விஷயம் என்னவென்றால், அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலராக உட்கார முடியாது. கடன் வாங்கி ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு அப்புறம் இதைத் தெரிந்துகொண்ட பையன்களை எனக்குத் தெரியும்.

சரி, அனுபவம் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் மெயின்டனன்ஸில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த முதல் மாதம். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி. பிரஸ் ஷாப்பில் பழைய பவர் பிரஸ்கள். தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற மிஷின்; இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேல் அச்சு, அதாவது மேல் டை, இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சுற்றி வரும்போது ஒரு மிஷினின் சத்தம் சரியில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய மூச்சு இல்லை. இரண்டு கையும் பீஸை எடுத்து, வைத்து, திரும்பப் பொத்தானுக்குப் போகிற நேரம் அதில் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது பொத்தானின் இடுக்கில் ஐஸ் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தது. கேன்டீனில் விற்ற சேமியா ஐஸ் போல, குச்சியில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பொத்தான் நாள் முழுக்க அழுந்தியே கிடக்கிறது. வலது கையால் ஓட்டுகிறார், இடது கை டைக்குள் போய் வருகிறது.

பாடப்புத்தகப்படி மெமோ கொடுத்திருக்க வேண்டும். சூப்பர்வைசரும் அதைத்தான் சொன்னார். நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏன் என்று கேட்டேன். ஒடிசாக்காரர், இருபத்திரண்டு வயது இருக்கும். ஒன்றும் பேசாமல் கீழ் டையைக் காட்டினார். அடித்த பீஸைத் தூக்கி விடுகிற ஸ்பிரிங் உடைந்திருந்தது. ஒவ்வொரு பீஸும் டையில் ஒட்டிக்கொள்கிறது, கையால் நெம்பினால்தான் வருகிறது. டார்கெட் மட்டும் மாறவில்லை. மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மிஷினை நிறுத்த புரொடக்‌ஷன் விடவில்லை.

ஸ்பிரிங் மாற்ற ஆன நேரம் நாற்பது நிமிடம். அதன் பிறகு, இரண்டு பொத்தானையும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டால்தான் ஓடும்படி கன்ட்ரோலை மாற்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதில் நாலரை மாதம் கையெழுத்துக்கு அலைந்தது.

நேராகப் படித்துவிட்டு வந்த பையன் அந்தக் குச்சியைப் பார்த்திருப்பான் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பானா? மெமோதான் போயிருக்கும், மறுநாள் வேறு குச்சி வந்திருக்கும்.

இன்னொன்று, மொழி. பல மாநில விதிகளில் ஒரு வரி உண்டு: பாதுகாப்பு அலுவலருக்கு அந்தப் பகுதியின் பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். எழுதியவர்கள் தமிழ்நாட்டுக்குத் தமிழ் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்று சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் காலை ஷிஃப்டுக்கு முன்னால் நின்று பேசிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இந்தி, மீதியில் ஒடியா, வங்காளி. தமிழிலும் ஆங்கிலத்திலும் போர்டு மாட்டிவிட்டு, புரிந்தது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். எனக்கு இந்தி வந்தது அபுதாபியில். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த இரண்டரை மணி நேரம் நிழல் கொட்டகையில் நேபாளத்துச் சாரம் கட்டுகிறவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். எந்தச் சான்றிதழையும் விட அது எனக்குச் சோறு போட்டது.

சுவாசக் காற்றைப் பற்றி ஒன்று. எல்லாப் படிப்பிலும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கணும், 19.5-க்குக் கீழே போனால் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. சரி. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழிவுத் தொட்டி மூடியைத் திறந்துவிட்டு கான்ட்ராக்டர் ஆள் சொல்வார், "நாத்தம் போயிடுச்சு சார், இறங்கலாம்." ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை வாடை அடிக்கும். 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு, அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. நான் கேட்டதிலேயே பயங்கரமான வாக்கியம் அந்த 'நாத்தம் போயிடுச்சு'தான். வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று இறக்கிப் பார்க்கும் வரை யாரும் இறங்கக் கூடாது என்று அங்கே சொல்ல வேண்டும். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். 'கூடாது' என்று சொல்ல இருபது வயதுப் பையனுக்குக் குரல் வராது. அவன் குற்றமில்லை, அவன் பேச்சை யாரும் அங்கே கேட்க மாட்டார்கள்.

எனக்கே எல்லா நேரமும் அந்தக் குரல் வந்ததில்லை. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு, வேலையைத் தொடங்கலாம் என்ற பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு தூங்கவில்லை என்பது மட்டும்தான்.

மரியாதை பற்றியும் கேட்கிறார்கள். விதிப்படி பாதுகாப்பு அலுவலர் நேராகத் தலைமை நிர்வாகிக்குக் கீழே வரவேண்டும், சம்பந்தமில்லாத வேலை தரக் கூடாது. நடைமுறையில் ஹெச்.ஆர். அறையின் மூலையில் ஒரு மேஜை. கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தாலும் எனக்குத்தான் போன் வரும். மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று மட்டும் மாலை, உறுதிமொழி, வாசகப் போட்டி, பரிசாக டிபன் பாக்ஸ்.

இவ்வளவுக்குப் பிறகும் பையனுக்கு ஆசை இருந்தால், மே மாதத்தில் எங்கேயாவது ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஹெல்பராகச் சேர்த்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அவனையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பண்ணச் சொல்லுங்கள், ஷிஃப்டில் போன் லாக்கரில் இருக்கும்.