இங்கிலாந்தின் தோல்விக்கு வெளிநாட்டு வீரர்கள் காரணமா?

"இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் வெளிநாட்டவர் குவிந்ததால்தான் இங்கிலாந்து அணி பெரிய போட்டிகளில் தோற்கிறது" என்ற பதிவு மீண்டும் சுற்றுகிறது. இது தவறு.

1931 முதல் 1978 வரை அங்கே வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்கக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலத்தில்தான் 1974, 1978 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. 1974 கோப்பைக்குத் தகுதி பெற, 1973 அக்டோபர் 17 அன்று லண்டனின் வெம்பிளி மைதானத்தில் போலந்தை வென்றே தீர வேண்டும். ஆட்டம் முழுக்க இங்கிலாந்தே போலந்தின் கோலை முற்றுகையிட்டது. போலந்து கோல்கீப்பர் டோமஷெவ்ஸ்கி அடுத்தடுத்துத் தடுத்தார். எல்லைக்கோட்டருகே இங்கிலாந்தின் நார்மன் ஹண்டர் பந்தைக் கோட்டைவிட, போலந்தின் லாத்தோ அதைப் பறித்துக்கொண்டு ஓடினார். அவரது சக வீரர் டொமார்ஸ்கி அடித்த பந்து இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டனின் உடலுக்கடியில் புகுந்தது. ஆட்டம் 1-1. இதில் எந்த வெளிநாட்டு வீரரைக் குறை சொல்வது?

மாறாக, லீக்கில் வெளிநாட்டவரே பெரும்பான்மையான பிறகு 2018 உலகக் கோப்பையில் அரையிறுதி, 2021, 2024 ஆண்டுகளில் நடந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) போட்டிகளில் இறுதியாட்டம் என்று அணி முன்னேறியது.

உண்மையான பலவீனங்கள் வேறு. 1990 முதல் 2012 வரை ஆறு பெரிய போட்டிகளிலிருந்து பெனால்டி ஷூட் அவுட்டில் (சமனான ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகள்) தோற்று வெளியேறினார்கள். இளையோர் பயிற்சியும் பின்தங்கியிருந்தது. 2012-இல், கிளப்புகள் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமி முறையைத் திருத்தினார்கள். 2017-இல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில், 0-2 எனப் பின்தங்கிய இங்கிலாந்துச் சிறுவர்கள் ஸ்பெயினை 5-2 என்று வீழ்த்தினார்கள். இரண்டு கோல்கள் ஃபில் ஃபோடன் அடித்தவை. அவர் வளர்ந்தது மான்செஸ்டர் சிட்டி அகாடமியில். வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைந்த கிளப் அது.