ஐந்து வயதில் முழுப் பனித்தளமா?

“கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹாக்கிக்கு ஐந்து வயதிலேயே பிள்ளைகளை முழுப் பனித்தளத்தில் இறக்கி, உடலால் மோதவும் பழக்குகிறார்கள், கிருஷ்ணகிரி ஹாக்கிப் பயிற்சியாளர்களும் அந்தக் கடுமையைக் காட்ட வேண்டும்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நடப்பது ஏறக்குறைய நேர்மாறானது.

அமெரிக்க ஐஸ் ஹாக்கி சங்கம் 2009இல் கொண்டுவந்த பயிற்சி முறையில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தளத்தைக் குறுக்கே தடுத்துச் சின்னக் களத்தில்தான் ஆடுகிறார்கள். பெரியவர்களின் தளம் 200 அடி நீளம். அதில் வேகமாகச் சறுக்கும் ஒரே பையன் வட்டை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லையை) தள்ளிக்கொண்டு போய்விடுவான். மற்றவர்கள் துரத்துவதோடு சரி. இடம் சுருங்கினால் எல்லார் மட்டையிலும் வட்டு படும். உடல் மோதலையும் 2011இல் 13-14 வயதுப் பிரிவுக்குத் தள்ளிவைத்தார்கள். கனடாவும் 2013இல் அதே வழிக்கு வந்தது.

சென்ற மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் எட்டு வயதுப் பிள்ளைகளின் ஹாக்கி ஆட்டம் பார்த்தேன். நம் ஊர் மண்தரை ஹாக்கிதான். முழு மைதானம், அணிக்குப் பதினொருவர். வலது ஓரத்தில் நின்ற சிறுமி மட்டை நுனியால் மண்ணில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எண்ணியவரை பந்து அவளிடம் இரண்டே முறை வந்தது. கோட்டுக்கு வெளியே அப்பாக்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். (மாங்காயைக் கல் வைத்துப் பழுக்கவைக்கும் அவசரம் நமக்குப் புதிதல்லவே!)

சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பது மட்டும் உண்மை. ஆனால் அது விளையாட்டாகத் தொடங்குவது. 12 வயதுப் பிரிவின் தேசியப் போட்டியையே அமெரிக்கச் சங்கம் நிறுத்திவிட்டது.