பதவி உயர்வுக் கோப்பில் இடம் கிடைக்காத ஆராய்ச்சிகள்

வேலூர் ஆபிசர்ஸ் லைன் பக்கம் ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. கல்லூரிப் பேராசிரியர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்பது அவர்களுடைய முதல்வர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றால் மிகையாகத் தோன்றும். ஆனால் முதல்வரின் மேஜைக்குப் போவது முகப்புப் பக்கமும் கையொப்பப் பக்கமும்தான். நடுவில் கிடக்கும் முந்நூறு பக்கத்தையும் பிழை பார்த்துப் படித்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நம்மூர் வாத்தியார்கள் என்ன ஆராய்ச்சி செய்து கிழித்துவிட்டார்கள்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றி எழுதுவதுதானே" என்று படித்தவர்களே கேலி பேசுகிறார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் உண்மை உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கடைக்குள் வந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தெருக்கூத்தை ஆராய்ந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் வந்தார். செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் விடிய விடிய உட்கார்ந்து, ஒரே கூத்தை ஊருக்கு ஊர் எப்படி மாற்றி ஆடுகிறார்கள் என்று குறித்து வைத்திருந்தார். துகிலுரிதலில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசும் பேச்சு எந்த இரண்டு ஊரிலும் ஒன்றாக இல்லை. ஓர் ஊரில் தாசில்தாரைக் கிண்டல் செய்கிறான். அடுத்த ஊரில் நகைக்கடன் தராத வங்கி மேலாளரை. ஆய்வேட்டின் இயல்கள் மொத்தம் நூற்றைம்பது பக்கம், பின்னிணைப்பு அதைப் போல இரண்டு மடங்கு. பின்னிணைப்பைச் சுருக்கச் சொல்லி நெறியாளரிடமிருந்து உத்தரவு வந்தது. கூத்து முழுவதும் அந்தப் பின்னிணைப்பில்தான் இருந்தது!

வேதியியல் பேராசிரியை ஒருவர், மழைக்கு முன்னும் பின்னும் பாலாற்றங்கரைக் கிணறுகளில் நீர் எடுத்து, தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு முன்பே, எந்தெந்தக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக்கூட வைக்கக் கூடாது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தார். அந்த ஒரு பக்கத்துக்கு நான் காசு வாங்கவில்லை. வாணியம்பாடிக்காரர் ஒருவர் உருதுத் துறை. முஷாயிரா என்ற உருதுக் கவியரங்குகளில் பாடப்பட்டு அச்சேறாமல் போன கஜல்களைத் தோல் மண்டி முதலாளிகளின் வீட்டு நோட்டுப் புத்தகங்களிலிருந்து திரட்டியவர். எனக்கு உருது தெரியாது, பைண்டிங் மட்டும்தான் என் வேலை. உருதுப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம் வரவேண்டும் என்பதுகூட அவர் சொல்லித்தான் தெரியும். ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களின் சுயஉதவிக்குழுக் கடனை ஆராய்ந்த வணிகவியல்காரர், ஜவ்வாது மலை வைத்தியர்களோடு செடி தேடி நடந்த தாவரவியல்காரர், பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதும் கணிதப் பேராசிரியர் என்று இன்னும் பலர் உண்டு.

இவர்கள் எல்லோரும் இன்னொரு வேலைக்காகவும் என்னிடம் வருவார்கள். சி.ஏ.எஸ். கோப்பு, அதாவது பதவி உயர்வு விண்ணப்பம். ஆய்வு மதிப்பெண் அட்டவணையைத் தட்டச்சு செய்து செய்தே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் வருகிற அட்டவணை அது. அறிவியல்காரர்களுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண், மொழி, கலைத் துறைகளுக்கு 10. இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு, உயர உயர மேலும் மதிப்பெண் கூடும். அது பத்தைத் தாண்டிய இதழ் என்றால் கூடுதலாக 30. சொந்தமாக எழுதிய நூல் இந்தியப் பதிப்பகத்தில் வந்திருந்தால் 10, வெளிநாட்டுப் பதிப்பகத்தில் வந்திருந்தால் 12. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு நாவலையோ வரலாற்று நூலையோ முழுதாகத் தமிழுக்குக் கொண்டுவர ஒருவருக்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதைவிட எட்டுப் பக்கக் கட்டுரைக்கு மதிப்பெண் அதிகம். கொள்கை ஆவணங்களுக்கும் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: பன்னாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 10, மத்திய அரசுக்கு 7, மாநில அரசுக்கு 4. அதோடு நின்றுவிடுகிறது. ஊராட்சித் தலைவருக்குக் கொடுத்த பக்கத்தை எந்த வரியில் சேர்ப்பது என்று அந்த வேதியியல் பேராசிரியை என்னைக் கேட்டார். தட்டச்சுக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வியா அது? கவிதைக்கும் நாடகத்துக்கும் கூத்துப் பதிவுக்கும் தனி வரி கிடையாது. "நூல்" என்ற தலைப்புக்குள் நுழைத்துப் பார்க்கலாம். குழுவில் உட்கார்ந்திருப்பவர் ஒத்துக்கொண்டால் உண்டு.

மு.வரதராசனார் நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்காரர். வாலாஜாபேட்டைக்கு அருகே வேலம் என்ற சிற்றூரோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, பச்சையப்பன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற அதே மனிதர்தான் நாவல்களும் எழுதினார். அகல் விளக்குக்கு 1961ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இன்றைய அட்டவணையில் அந்த நாவலைச் சேர்த்தால் அதிகபட்சம் 10 மதிப்பெண். ஒரு கருத்தரங்கக் கட்டுரையை இதழில் போட்டவருக்கும் அதே 10. மு.வ.வின் ஆய்வும் படைப்பும் ஒன்றையொன்று வளர்த்தன என்பது அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டையும் பிரித்து, ஒன்றைத் தொழில் என்றும் மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் வைப்பது பிற்காலத்து ஏற்பாடு.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அது உலகம் அறிந்த கதை. அதே மனிதர், உணர்ச்சி போன பாதத்தில் புண் வராத செருப்பு எப்படி இருக்கவேண்டும் என்றும் வருடக்கணக்கில் மெனக்கெட்டார். செருப்பு தைப்பது ஆராய்ச்சியா? கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டுக்கான வேலையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நிர்மலா செல்லப்பன், பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் எடுத்த ரத்த மாதிரிகள் நம் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் பரிசோதனைக்கு வந்தன. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸை ஆராய்ந்த சி.எம்.சி. பேராசிரியை ககன்தீப் காங், வேலூரின் நெருக்கடியான தெருக்களில் குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்து பார்த்த குழுவை நடத்தியவர். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. செருப்பு, மாணவியின் ஆய்வேடு, தெருத்தெருவாக வருடக்கணக்கில் எடுத்த கணக்கு. ஒரே ஊரின் ஒரே கல்லூரியைத் தொட்டுச் செல்லும் இந்த மூன்றுக்கும் வேலை செய்யும் முறையில் ஒற்றுமையே கிடையாது.

பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடெங்கும், வழக்குத் தொடுத்த வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரை இன்றும் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகளில் ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கு: தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது. வயல் வயலாக நடந்தால்தான் கிடைக்கும் எண் அது. அப்படி ஒரு கணக்கெடுப்புக்குத் தாக்கக் காரணி என்ன என்று எந்தக் குழு சொல்லப் போகிறது?

வெளியூர்க்காரர்களுக்கு நம் மண்ணின் அருமை தெரிந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டு நெல் விவசாயத்தை ஆராய்ந்தன. பசுமைப் புரட்சி பற்றிப் பேசுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அப்போது ஆரணிக்கு வந்த இங்கிலாந்து ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அந்த ஊரின் வியாபாரத்தை எழுதிக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆரணியிலேயே பிறந்து, அதே கடைத்தெருவில் கணக்கு எழுதிய அப்பாவின் பிள்ளையாக வளர்ந்து, இப்போது உள்ளூர்க் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவர் அந்த ஊரைப் பற்றித் தமிழில் எழுதினால் "உள்ளூர் விஷயம்" என்று ஒதுக்குகிறோம். வாரம் 16 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் தேர்வுத் தாள், சேர்க்கைப் பணி, கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் குழுவுக்கான கோப்புகள் என்று எல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறார் அவர்.

சரி, கேலியில் இருக்கும் உண்மைக்கு வருகிறேன். பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை போடும் இதழ்களுக்கு என் கடையிலிருந்தே கட்டுரைகள் போயிருக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய கேள்விப்பட்டியல்களும் வந்திருக்கின்றன: முதலில் குடியாத்தம், அடுத்த வருடம் பேரணாம்பட்டு, முடிவுரை எழுத்துக்கு எழுத்து அதேதான். படைப்பு என்று வருவதெல்லாம் படைப்பும் ஆகாது. மாணவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே அச்சடித்த கவிதைத் தொகுப்புகளை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அவற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். ஒரு நாடகமோ மொழிபெயர்ப்போ ஆராய்ச்சி ஆகவேண்டுமானால் எதைத் தேடினோம், எப்படித் தேடினோம் என்று ஆசிரியர் சொல்லத் தெரிந்தவராக இருக்கவேண்டும், அந்தத் துறை அறிந்த இரண்டு பேர் அதைப் படித்துப் பார்க்கவும் வேண்டும். கூத்துப் பேராசிரியரால் விடிய விடிய அதைச் சொல்ல முடியும்.

மோசமான கட்டுரைகள் இத்தனை பெருகியதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாடகம் எழுதத் தெரிந்த கணிதப் பேராசிரியரைக் கட்டுரை எண்ணிக்கை காட்டச் சொன்னால் அவர் எண்ணிக்கைதான் காட்டுவார். எந்த இதழ் நல்ல இதழ் என்று சொல்ல வந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி.யே கைவிட்டுவிட்டது. அதற்கு முந்தைய மாதம் வந்த வரைவு விதிகளில் இந்த மதிப்பெண் அட்டவணையை நீக்கிவிட்டு, ஆசிரியரின் பங்களிப்புகளைப் பல வகையாகப் பார்க்கலாம் என்ற யோசனை இருந்தது. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் உரிமை பறிபோகிறது என்ற சண்டையில் அந்தப் பகுதியை யாரும் பேசவில்லை. சண்டை நியாயமானது, சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் சரி. ஆனாலும் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து, நமக்குத் தோதாக எப்படி எழுதலாம் என்று நம் பேராசிரியர் சங்கங்கள் பேசியிருக்கலாம்.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். 2022க்குப் பிறகு இல்லை. என் வருமானத்தில் பெரிய பங்கு அதோடு போயிற்று, அது என் சொந்தக் கவலை. பொதுக் கவலை வேறு. ஊர்ப் பெயர், குலதெய்வம், தாலாட்டு, நடுகல், ஏரிப் பாசனம் என்று நம் பக்கத்து ஊர்களைத் தனித்தனியாக எடுத்து எழுதியவை பெரும்பாலும் எம்.ஃபில். ஆய்வேடுகள்தாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் உண்டு. எம்.ஃபில். ஏடுகளில் ஒரு பிரதி துறையில், ஒன்று நெறியாளர் வீட்டில், ஒன்று எழுதியவர் பரணில். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் வருவதற்கு முன்பு எழுதியவையோ சென்னையைத் தேடிப் போயின. ஒரு துறையில் வெள்ளையடிக்கும்போது பழைய ஏடுகளை எடைக்குப் போட்டார்கள்; கல்லூரிப் பெயர் வேண்டாம். பழைய பேப்பர்க் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் கொஞ்சம் மீட்டேன்.

எனவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆசிரியர்கள் எழுதியவை, மொழிபெயர்த்தவை, மேடையேற்றியவை, ஊராட்சிக்குக் கொடுத்த அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் தலைப்பும் வருடமும் போட்டு ஒரு பட்டியல் எடுங்கள். மதிப்பெண் பத்தி வேண்டாம். பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து தருவது என் பொறுப்பு, காசு கிடையாது. என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏராளமான ஆய்வேடுகள் இருக்கின்றன. எழுதியவரின் அனுமதி இல்லாமல் ஒரு பக்கம்கூட யாருக்கும் தரமாட்டேன். என்னிடம் தட்டச்சு செய்தவர்கள் கடைக்கு வந்து எழுத்தில் அனுமதி கொடுத்தால், அவரவர் கோப்பை அவர்கள் சொல்லும் நூலகத்துக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஞாயிறு விடுமுறை.