ஹெட்லைட்டை எதற்கு இடம் மாற்றினார்கள்?

2023 மார்ச்சில் ஹூண்டாயின் புது வெர்னா கார் வந்ததிலிருந்தே எனக்கு இந்த ஆதங்கம். 2017-ல் வந்த முந்தைய வண்டிக்கு ஒரு லட்சணமான முகம் இருந்தது. ஹெட்லைட் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இப்போது பானெட் விளிம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடாக எல்இடி பட்டை. நிஜ ஹெட்லைட்டைத் தேடினால், கீழே பம்பரின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. நம்ம ஊர் நெரிசலில் பைக் ஓட்டுகிறவர் உரசுவதும், பார்க்கிங்கில் தூணில் இடிப்பதும் அந்த மூலையில்தானே! பம்பரில் கீறல் விழுந்தால் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், விளக்கு உடைந்தால்?

அடுத்து அந்தக் கூரை. பின்பக்கம் கூபே, அதாவது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி சரிந்து இறங்குகிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இது குடும்ப வண்டி. முட்டிவலியோடு இருக்கும் அப்பாவும் அம்மாவும் குனிந்து, தலையைச் சாய்த்து ஏறவேண்டிய சீட் அது. வீல்பேஸை, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை, 70 மில்லிமீட்டர் கூட்டி 2670 ஆக்கியிருக்கிறார்கள், காலுக்குத் தாராளமாக இடம். அதே அக்கறையைத் தலைக்கும் காட்டியிருக்கலாமே?

டிக்கி 528 லிட்டர், ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையே வைக்கலாம். உள்ளே இவ்வளவு யோசித்தவர்கள் முகத்தில் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். இத்தனைக்கும் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற கார். அந்த விளக்கை மட்டும் பழையபடி மேலே தூக்கி வையுங்கள், போதும்.